பூ, பா, பிடி

லோரோங் கூலிட்டில், ஞாயிறு காலை,
உடைந்த மீன்தொட்டிக்கும் சைக்கிள் மணிகளுக்கும் நடுவே கிடந்தது.
எக்ஸ்ரே எடுப்பதா இடியாப்பம் பிழிவதா
விற்றவருக்கே தெரியவில்லை.
நூற்றைம்பது ரிங்கிட் என்றார். எண்பதுக்குத் தந்தார்.
வயிற்றில் ஏதோ கப்பல் பட்டறையின் சொத்து எண்.
ஆறு பேனாவில் ஐந்து செத்தவை.
பச்சை மட்டும் மூடி போட்டிருந்தது.

ரெலாவ் அடுக்குமாடி, பதினொன்றாம் தளம்.
பாயான் லெபாஸில் மாலை ஷிஃப்ட் பார்ப்பவளுக்கு
இரவு பன்னிரண்டரைக்குத்தான் விடியும்.

முதல் வாரம் அது அசையவே இல்லை.
நான் சொன்னது அதன் வாய்க்குப் போனது,
அது சொன்னது என் வாய்க்கு வந்தது.
ஹஃபீஸ் கம்பியை வெட்டி
இரண்டையும் மூன்றையும் மாற்றிப் பற்றவைத்தான்.
இனி ஆளுக்கொரு காது என்றான்.

இரண்டாம் வாரம் உளறல்.
ஒன்பதாயிரத்து அறுநூறு வேகம் சரி,
எட்டு பிட் என்று நினைத்திருந்தேன், அது ஏழு.

அதன் மொழியில் மூன்று சொல் போதும்.
ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறேன்,
நாக்கு தமிழில் படித்துவிடுகிறது.
பூ: பேனாவைத் தூக்கு.
பா: சொன்ன இடத்துக்குப் போ.
பிடி: தாளில் ஊன்று.

சோதனைக்கு என்ன எழுத?
உள்ளே ஜப்பானிய எழுத்து உண்டு,
ஸ்வீடன்காரர்கள் தலையில் வைக்கும் வளையம்கூட உண்டு,
நம்முடையது கிடையாது.
எதிரே கதவு. கதவில் தாழ்ப்பாள்.
சரி, அதுவே இருக்கட்டும்.

கட்டம்போட்ட தாளில் விரலால் எண்ணினேன்.
மில்லிமீட்டருக்கு நாற்பது படி.
ழவுக்கு மட்டும் ஐம்பத்துமூன்று திருப்பம்,
கடைசிச் சுழியில் மோட்டார் ஒருமாதிரி முனகும்.
புள்ளிதான் விலை அதிகம்:
பூ, பா, பிடி, பூ.
ஒரு சொட்டு மைக்கு நான்கு கட்டளை.
மெய்யை மெய்யாக்கக் கை இவ்வளவு உழைப்பது
இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.
ப் வரை வந்தது. அப்புறம் பேனாவுக்குப் பித்து.
குறுக்கே ஒரு கோடு, தாளைத் தாண்டித் தகட்டின் மேல்,
சிவப்பு விளக்கு.
தொண்டை கொள்ளுவது ஆயிரத்து இருபத்துநான்கு எழுத்து.
நிரம்பினால் பத்தொன்பது என்று சொல்லும்: நிறுத்து.
காலியானால் பதினேழு: தா.
சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.
என் பக்கத்தில் கேட்க ஆளில்லை.

அடுத்த இரவு, கேட்டுக் கேட்டுக் கொடுத்தேன்.
தகரம், கால், ழகரம், புள்ளி.
இரண்டு பத்துக்கு
கடைசி ளகரம் முடிந்து பேனா எழுந்தது.
அப்போது தரைக்குக் கீழிருந்து
டொக். டொக்.
பத்தாம் தளம் மேடம் ஊய். துடைப்பக் கட்டை.
பத்தொன்பது.
நிறுத்தினேன்.
தூக்கிய காலோடு பேனா அப்படியே நின்றது.

காலையில் கதவைத் தட்டினார்.
தாழ்ப்பாளைத் தள்ளினேன்.
குளியலறைச் செருப்பு, கையில் கார் சாவி,
திட்டுவதற்குத் தயாராக ஒரு முகம்.
தாளைப் பார்த்ததும் அது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.
தையல் மெஷின் என்றல்லவா நினைத்தேன், என்றார் மலாயில்.
முடிந்துவிட்டதா?
பெலும் என்றேன். ஒரு சொட்டு பாக்கி.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
பதினேழு.

பா. பிடி. பூ.

ராத்திரி முழுக்க மூடியில்லாமல் நின்ற மை
காய்ந்து போயிருந்தது.
தாளில் பச்சை விழவில்லை.
நான் தலையைச் சொறிந்தேன்.
அவர் எழுந்து வந்து
ளகரத்தின் தலைக்கு மேல் விரல் நுனியால் தடவினார்.
கடுகளவு ஒரு குழி.

அடா, என்றார்.
மலாயில் அதற்கு இருக்கிறது என்று பொருள்.